போர் நின்ற நாளின் பட்டாசு

அண்ணி,

இன்று நவம்பர் பதினொன்று. காலை பதினொரு மணிக்கு மாதா கோயில் மணி ஒலித்ததும் பதுளைக் கடைத்தெரு முழுவதும் அப்படியே நின்றது. பருப்பு அளந்துகொண்டிருந்த நானும் படியை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஜெர்மன்காரரோடு நடந்த பெரிய போரில் இறந்தவர்களை இரண்டு நிமிடம் நினைக்க வேண்டுமாம். ஒவ்வொரு வருடமும் முயல்கிறேன். முகம் தெரியாத அந்தச் சிப்பாய்கள் யாரும் வருவதில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள்.

அந்தப் போர் முடிந்த வருடம் விஷக் காய்ச்சல் ஊருக்குள் வந்தபோது நம் வீட்டில் முதலில் விழுந்தவன் நான். அண்ணன் அரிசி வாங்கக் கொழும்பு போயிருந்தார். கிட்டே போகாதே என்று அக்கம்பக்கத்தார் தடுத்தும் கேட்காமல் எனக்குக் கஞ்சி ஊட்டினீர்கள், நெற்றியில் பற்றுப் போட்டீர்கள். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் உங்கள் அம்மாவும் அதே காய்ச்சலில் கிடப்பதாக ஆள் வந்து சொன்னபோதுகூட, "தம்பி எழுந்திரிக்கட்டும், அப்புறம் வாரேன்" என்றுதான் சொல்லி அனுப்பினீர்கள். நான் எழுந்தேன். நீங்கள் படுத்தீர்கள். அம்மாவைப் பார்க்க நீங்கள் போகவே இல்லை.

போர் நின்றுவிட்டதென்று தந்தி வந்த அன்று தெருவெங்கும் ஒரே சத்தம். காய்ச்சலால் தீபாவளிக்கு விற்காமல் கிடந்த பட்டாசையெல்லாம் கடைக்காரர்கள் வெளியே எடுத்துக் கொளுத்தினார்கள். என்ன சத்தம் என்று கேட்டீர்கள். சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, இனிமேல் அரிசிக் கப்பல் ஒழுங்காக வரும் என்றீர்கள். உங்கள் நான்கு வயது மகள் வள்ளி வாசலுக்கும் உங்கள் பாய்க்குமாக ஓடிக்கொண்டிருந்தாள்.

"புள்ளையத் தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க தம்பி. நான் படுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

உங்கள் காய்ச்சல் அன்று குறைந்திருந்தது போல்தான் எனக்குப் பட்டது. போனேன். வள்ளி என் தோளில் உட்கார்ந்து கைகொட்டிச் சிரித்தாள். ஒரு சரம் வெடித்து முடிந்ததும் இன்னொன்று என்றாள். பல நாள் நோயில் கிடந்துவிட்டு மாலை வெயிலில் நின்ற எனக்கும் திரும்ப மனமில்லை. நானும் சிரித்தேன், அண்ணி.

வந்து பார்த்தபோது செம்பு உருண்டு கிடந்தது. தண்ணீர் பாயின் ஓரம்வரை ஓடியிருந்தது. உங்கள் கை அதை நோக்கி நீண்டபடியே இருந்தது.

அண்ணன் ஊர் திரும்பியதும் என்னை எதுவும் கேட்கவில்லை. "உன்னையாவது காப்பாத்திட்டுப் போனாளே" என்று மட்டும் சொன்னார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

வள்ளிக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்று மணி ஓய்ந்ததும் கடைக்குள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"சண்டை முடிஞ்ச அன்னைக்கு என்னைத் தோள்ல வச்சுப் பட்டாசு காட்டினீங்கல்ல சித்தப்பா? சின்ன வயசுல எனக்கு ஞாபகம் இருக்கிறது அது ஒன்னுதான்."

உங்கள் முகம்கூட அவளுக்கு நினைவில்லை. உங்கள் திதியைப் பஞ்சாங்கம் பார்த்துக் கொடுக்கிறோம். அது வருடா வருடம் வேறு தேதியில் விழுகிறது. அதனால் பட்டாசு வெடித்த நாளும் நீங்கள் போன நாளும் ஒன்றே என்று அவள் அறியவில்லை. அண்ணனும் சொன்னதில்லை.

"ஆமாம்மா" என்றேன். கேட்கும்போதெல்லாம் அதைத்தான் சொல்லி வருகிறேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். அந்த அறையில் நான் கண்டதைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.