வழவழப்பான அலமாரி

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

இன்று எனக்கு எண்பத்தொரு வயது, நான்கு மாதம், ஆறு நாள். இந்த வயதில் நான் என் வீட்டுக்கே விருந்தாளியாகிவிட்டேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நன்றாக இருந்த மேசை, அலமாரிகளுக்கு வெள்ளை அடித்து, விளிம்பெல்லாம் உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியவள் நீ. ‘நாட்டுப்புற அழகு’ என்றாய். இப்போது பத்தாம்பசலி என்கிறாய். வீட்டு அலங்காரத் தொழில் என்பது இதுதான் போலும்.

உன் தச்சர் சமையலறையை முடித்துவிட்டார். அலமாரிகளுக்குக் கைப்பிடி இல்லை, அழுத்தினால் திறக்குமாம். நேற்று மூன்று முறை சுவரை அழுத்தினேன். அது திறக்கவில்லை.

படுக்கையறை அலமாரியையாவது விட்டுவிடச் சொல்.

அம்மா

மார்ச் 9

அன்பு அம்மாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சு சிரிச்சேன், அப்புறம் கோபம் வந்தது. சுவருக்கு நாலு நிறம் போட்டோ எடுத்து அனுப்பினேனே, ‘இரண்டாவது மிக நன்று’ன்னு எழுதினது யாரு? சோபாவுக்கும் ‘மிக நன்று’, விளக்குக்கும் ‘மிக நன்று’. இப்போ குறை சொன்னா எப்படிம்மா?

பழசை மொத்தமா தூக்கிப் போடலையே. மரம் மரமா தெரியட்டும். உரிஞ்ச வெள்ளையும் லேஸ் திரையும் இனி வேண்டாம்னுதான் சொல்றேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை தச்சர் அந்த அலமாரியையும் இழைச்சு, எதிர்ச் சுவருக்கு நகர்த்திடுவார். அறை தாராளமா இருக்கும்.

இன்னொண்ணு. ரெண்டு வருஷமா ஏன் டைப் அடிச்சே அனுப்பறீங்க? பெத்த பொண்ணுக்கு நோட்டீஸ் மாதிரி! உங்க கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு. நான் அங்க வந்தே மூணு வருஷம் ஆகுது.

உங்க செல்லம்

மார்ச் 20

அன்புள்ள மகளுக்கு,

தச்சர் நேற்று வந்தார். அவர் இருந்தவரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. திமிர் பிடித்த கிழவி என்று எண்ணியிருப்பார், எண்ணட்டும். முடித்துவிட்டு, “எப்படிம்மா இருக்கு?” என்றார். “மிக நன்று” என்றேன். வேறென்ன சொல்வது?

அந்த அலமாரியின் விளிம்பில் நீ தேய்த்து உரித்த இடங்கள் ஏழு. மூன்றாவதில் கை பட்டால் வலப்பக்கம் குளியலறை. ஐந்தாவதில் கட்டில். உன் தொழிலில் எனக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். இன்று காலை குளியலறைக்குப் புறப்பட்டு ஜன்னலுக்குப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வர வெகுநேரம் பிடித்தது.

உன் கடிதங்களை மாடிவீட்டுத் தையல்காரி வாசிக்கிறாள். நிறங்களில் முதலாவதைச் சொன்னால் சந்தேகிப்பாய் என்று இரண்டாவதைச் சொன்னேன். அது என்ன நிறம் என்று அவளிடமும் கேட்கவில்லை. டைப் அடிக்க விரல் போதும். கையெழுத்துக்கு அது போதாது. சொன்னால் மறுநாளே வந்து, என்னையும் எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிடுவாய் என்று பயந்தேன்.

எனக்குக் கண் தெரியாமல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

அம்மா