மேடு பார்க்காத சைக்கிள்

ஏனுங்க, என் கோபக்கார வர்க்கிக்காரரே,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. கோத்தகிரியில் இந்த வருஷம் மழை விட்டபாடில்லை. நம் வீட்டுப் படிக்கட்டெல்லாம் பாசி. பால் ஊற்றுகிற அம்மா நேற்று வழுக்கி விழுந்து, பாலும் போச்சு, அவள் வாயிலிருந்து எனக்கு நாலு திட்டும் கிடைத்தது. உங்கள் மஃப்ளர் இன்னும் கதவு ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்து மடித்து வைக்கலாம் என்று கை போகும், அப்படியே திரும்பி வந்துவிடும்.

சுற்றி வளைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஊட்டியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து இறங்குகிற சந்தில் ஒரு பழைய சாமான் கடை. கடிகாரம், லாந்தர், பித்தளைக் கூஜா, இவற்றுக்கு நடுவே சுவரில் சாய்ந்தபடி ஒரு சைக்கிள். கம்பி பிரேக், பெரிய மணி, பின்னால் அகலக் கேரியர். உங்கள் வண்டியேதான் என்று நினைத்தேன். காய்கறிப் பையை அங்கேயே கீழே வைத்துவிட்டேன்.

"ஏனுங்கம்மா, வாங்கறீங்களா, சும்மா பாக்கறீங்களா?" என்றார் கடைக்காரர். "துரைமாருங்க காலத்து வண்டிங்க. ஹோம்ஸ்டேக்காரங்க வந்து கேட்டுட்டே இருக்காங்க, பூந்தொட்டி வெக்கறதுக்கு."

"பாத்துட்டுச் சொல்றேனுங்க," என்றேன்.

பெயிண்ட் கறுப்பு, பாதி உரிந்து கிடந்தது. வர்க்கி எடுக்கிற பேக்கரியின் கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை நீங்கள் உங்கள் வண்டிக்குப் பூசினீர்களே, அது அடியில் எங்காவது இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை. சரி, யாராவது சுத்தமாகச் சுரண்டி எடுத்திருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு சக்கரத்தின் விளிம்பைத் தடவினேன். கட்டியாக, புதுசு போல இருந்தது. செயினோ தொளதொளவென்று தொங்கியது. கைப்பிடி இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன.

முப்பது வருஷம் உங்கள் வண்டியை நான் துடைத்திருக்கிறேன், எனக்கா தெரியாது? காலையில் தகரப்பெட்டி நிறைய மொறுமொறு வர்க்கியும் பன்னும் ஏற்றிக்கொண்டு கீழ் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்கு இறக்கத்தில் போவீர்கள். வழி முழுக்கப் பிரேக். சாயங்காலம் காலிப் பெட்டியோடு இடது பக்கம் நடந்தபடி மேடெல்லாம் தள்ளிக்கொண்டு வருவீர்கள். "காத்தால அது என்னைய இட்டுட்டுப் போகுது, பொழுதோட நான் அதைய இட்டுட்டு வாறேன்," என்று சிரிப்பீர்கள். பிரேக் கட்டை உரசி உரசி உங்கள் சக்கர விளிம்பு தகடாகிவிட்டது. பெடல் மிதிக்க வழியே இல்லாததால் செயின் மட்டும் கடைசிவரை தேயவில்லை. இடது கைப்பிடியில் வரியே இல்லை, வலதில் அப்படியே இருந்தது.

இது மேடு பார்க்காத சைக்கிள். எங்கோ கீழே, சமவெளியில் மிதித்த வண்டி. உங்களுடையது இல்லை.

அப்படியென்றால் நான் கிளம்பியிருக்க வேண்டும், இல்லையா? கிளம்பவில்லை. விலை கேட்டேன். குறைத்துக் கேட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். ஏன் கேட்டேன் என்பதுதான் இந்தக் கடிதம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லாமல், இப்போது எழுதுகிறேன்.

உங்கள் சைக்கிளை யாரும் திருடவில்லைங்க. நான்தான் விற்றேன்.

இருதயம் வீங்கியிருக்கிறது, மேடு ஏறக் கூடாது, பாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். "சரிங்க டாக்டர்" என்று நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த திங்கட்கிழமையே மறுபடி சைக்கிளில் பெட்டியைக் கட்டின ஆள் நீங்கள். இரண்டாம் தடவை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, மகளை உங்களோடு விட்டுவிட்டு மாற்றுத்துணி எடுக்க வந்தேன். நம் வீடு ரோட்டிலிருந்து அறுபது படி கீழே. சைக்கிளை இறக்க முடியாது என்று படி முனையில் இருக்கிற செல்வராசு டீக்கடைச் சுவரோரம்தானே எப்போதும் பூட்டி வைப்பீர்கள்? விடிந்தும் விடியாத பனியில் பூட்டைத் திறந்து தள்ளிப்போய், பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றிவிட்டேன். உங்களை உயிரோடு வைத்துக்கொள்ள வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் திரும்பி வந்த அன்று, படி இறங்குவதற்கு முன்பே கேட்டீர்கள்: "ஏம்புள்ள, சைக்கிளெங்க?"

"தெரியலீங்களே, யாராச்சும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். பாவி நான், உங்கள் கோபம் செல்வராசு மேல் போய் விழும் என்று யோசிக்கவே இல்லை. "அவனுக்குத் தெரியாம அங்கிருந்து ஒரு ஆணி போகாது. அவன்தான் வித்துத் தின்னுட்டான்," என்றீர்கள். கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தவனோடு பேச்சை நிறுத்தினீர்கள். தெருவிலும் அவனுக்குக் கை நீளம் என்று பேச்சு கிளம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் நீங்கள் செய்ததுதான் என்னைக் கொல்கிறது. அவன் கடை டீ வேண்டாம் என்று, மேலே பஸ் ஸ்டாப் கடைக்குத் தினமும் இரண்டு வேளை ஏறினீர்கள். எந்த மேட்டை நீங்கள் ஏறக் கூடாது என்று சைக்கிளை விற்றேனோ, அதே மேடு. "வேண்டாங்க, நான் டீ போட்டுத் தாறேன்" என்று கெஞ்சினேன். கேட்டீர்களா? ஒன்றரை வருஷம் அப்படி ஏறினீர்கள். நான் விற்றதால் ஒன்றரை வருஷம் கூட இருந்தீர்களா, இல்லை நான் விற்றதால்தான் சீக்கிரம் போனீர்களா? யாரிடம் கேட்பேன்?

உங்களை எடுத்த அன்று செல்வராசு மாலையோடு வந்தான். படி முனையிலேயே நின்றுகொண்டான், கீழே வரவில்லை. நான் பார்த்தேன்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் விலை பேசினேன் என்று? இந்தச் சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்தி, "ஊட்டியில கெடைச்சுது, எவனோ திருடி வித்திருக்கான்" என்று சொன்னால் போதும். செல்வராசு மேல் உள்ள பழி போய்விடும், என் பேரும் வராது. வித்தியாசம் கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீங்கள், நீங்கள்தான் இல்லையே. பர்ஸைத் திறந்து பணத்தை எடுத்தேன்.

"எங்க ஊட்டுக்காரரு வண்டி பச்சைங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னங்கம்மா? நாளைக்கே பச்சை அடிச்சுத் தாறேன். யாருக்கும் தெரியாதுங்க," என்றார் அவர்.

யாருக்கும் தெரியாது. அன்றைக்குப் பனியில் தள்ளிக்கொண்டு போனபோது நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டேன்? பணத்தை உள்ளே வைத்தேன். "வேண்டாங்க, இது எனக்கு ஆகாது," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோத்தகிரியில் இறங்கி நேராகச் செல்வராசு கடைக்குப் போனேன். அவனைத் தவிர ஆள் யாரும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் பால் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தெரியுமுங்க அக்கா," என்றான்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உள்ள அடுப்புப் பத்த வெச்சுட்டு இருந்தேனுங்க. கீழால உங்க செருப்பும் சக்கரமும் போறதைப் பாத்தேன்."

"அப்புறம் ஏஞ்சாமி அவருகிட்டச் சொல்லல?"

"சொன்னா அண்ணன் இரும்புக்கடைக்கே போயி மீட்டுட்டு வந்திருவாரு. மறுக்காத் தள்ளுவாரு. எம்மேல கோவமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு உட்டுட்டேனுங்க." டம்ளரைக் கழுவினான், மறுபடி கழுவினான். "டீக்கு மேல போவாருன்னு நெனைக்கலீங்க அக்கா. நின்னு நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறுவாரு. இங்கிருந்தே பாத்துட்டு இருப்பேன். கூப்பிட வாய் வரலீங்க."

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவன் ஒரு டீ வைத்தான். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்து, பிறகு குடித்தேன்.

உங்கள் வருஷத் திதிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. சொந்தம், தெரு, மகள், மருமகன் எல்லாரும் வருவார்கள். அத்தனை பேர் முன்னாலும் சைக்கிளை விற்றது நான் என்று சொல்வேன். மகள் என்னோடு பேசாமல் போனாலும் சரி, சொல்வேன். செல்வராசு அறுபது படியும் இறங்கி வந்து, அவன் கையால் போட்ட டீயை உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பான். ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி, உங்களுக்குப் பிடித்த மாதிரி. இது சத்தியம். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் குடியுங்கள். கோபமெல்லாம் எனக்கு இருக்கட்டும், நான் வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு பொய் சொன்ன,
உங்கள் ஊட்டுக்காரி
சரோஜா