ஒரு பேனாவுக்கு ஒரு ஷூ

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீ சௌக்கியமா, வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, அங்கே குளிர் விட்டுதான்னு முதல்ல கேட்கணும், கேட்டுட்டேன், பதில் எழுது. இங்கே எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசைப் பத்தி மட்டும் கேட்காதே, பத்திக்கிட்டு எரியுது. அந்த எரிச்சல்ல பாதி உன் மேலதான். ஒரு பேனா சமாசாரத்துக்கு ஏம்மா இவ்வளவு ரகளை, கேட்கிற இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு வேலையைப் பாரும்மான்னு போன்ல சொன்னியே, அது இன்னும் காதுலயே நிக்குது. கோபத்துலதான் போனை வெச்சேன், லைன் கட் ஆயிடுச்சுன்னு உங்கப்பா உனக்கு மெசேஜ் அனுப்பினது சுத்தப் பொய். போன்ல பேசினா நீ நடுவுல புகுந்துடுவே, அதான் கடிதம், இதுல நீ வாயைத் திறக்க முடியாது, முழுசாப் படி.

என் வகுப்பறை மூலையில இருக்கிற இரும்பு அலமாரி உனக்குத் தெரியும். அதுல என்ன இருக்குன்னு தெரியுமா? பள்ளிக்கூடத்துல கொடுக்கிற சாக்பீஸ் பலகையில பட்டா கீச்சுன்னு கத்தும், எழுத்து மட்டும் விழாது, அதனால நல்ல சாக்பீஸா நானே வாங்கி வைக்கிறேன், கண்ணாடி போட வேண்டியவங்க நாலு பேர் போடாமலே கடைசி பெஞ்சுல இருக்காங்க, அவங்களுக்குத் தெரியணும்ல. ஈரத்துணி ரெண்டு, ஏன்னா அந்த டஸ்டர் எதையும் அழிக்காது, பூசி விடும். கிராஃப் தாள் ஒரு கட்டு, இல்லேன்னா ரெண்டாவது தாள் கேட்கக் கூச்சப்பட்டுக்கிட்டு தப்பாப் போட்ட கோட்டு மேலயே திரும்பவும் போடுவாங்க. காம்பஸ் பதினஞ்சு, முள்ளைக் கொஞ்சம் மழுக்கித்தான் வெச்சிருக்கேன், கூரா இருந்தா வட்டம் போட மாட்டாங்க, பெஞ்சுல பேர் செதுக்குவாங்க. ஊசி, நூல், ஊக்கு எல்லாம் கணக்கு டீச்சருக்கு எதுக்குன்னு கேட்பே, பட்டன் அறுந்தவன் ஒரு கையால சட்டையைப் பிடிச்சுக்கிட்டு எப்படிடீ கணக்குப் போடுவான்? ஒரு பிஸ்கட் டப்பாவுல பொண்ணுங்களுக்கு நாப்கின், அதுக்கு மட்டும் என்கிட்ட கேட்கவே வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போகலாம். கடைசியா நீ லேசா சொன்ன பேனா.

பேனா இல்லாத பிள்ளை என்ன பண்ணும் தெரியுமா உனக்கு? பேனா இல்லைன்னு மட்டும் சொல்லாது. தலைவலின்னு சொல்லும், பாத்ரூம் போகணும்னு சொல்லும், இல்லேன்னா நோட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு கையை மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கும். பத்தாம் வகுப்புல தினமும் ஏழெட்டுப் பேர் இப்படி. சரின்னு கொடுக்க ஆரம்பிச்சேன், கொடுத்தது ஒண்ணும் திரும்பலை, கடிச்சுத் துப்பின மூடிதான் தரையில கிடக்கும். அப்புறம்தான் ஒரு ஏற்பாடு பண்ணினேன், பேனா வேணும்னா ஒரு ஷூவைக் கழட்டி என் மேஜைக்குக் கீழே வை, போகும்போது பேனாவைக் கொடுத்துட்டு ஷூவை மாட்டிக்கிட்டுப் போ. ஒத்தை ஷூவோட யார் வீட்டுக்குப் போவாங்க? ஒரே ஒரு மகராசன் மட்டும் பஸ் ஏறிப் போயிட்டான், மறுநாள் அவங்க அம்மா வந்து பேனாவைக் கொடுத்துட்டு ஷூவை வாங்கிக்கிட்டுப் போனாங்க. பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு, எனக்கும்தான். ஆறு வருஷமா ஒரு பேனா தொலையலை, ஸ்டாஃப் ரூம்ல நான் இதைச் சொல்லிச் சொல்லிப் பீத்திக்காத நாள் இல்லை.

போன மாசம் ஆய்வுக்குன்னு ஒரு அதிகாரி அம்மா வந்தாங்க. நான் பலகைப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தேன். அவங்க கண்ணுல பட்டது எட்டுப் பிள்ளைங்க ஒரு கால்ல வெறும் சாக்ஸோட உட்கார்ந்திருக்கிறதும், என் மேஜைக்கடியில எட்டு ஷூவும். என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்கணுமா வேண்டாமா? கேட்கலை. மாணவர்களின் காலணியைக் கழற்றவைத்து அவமானப்படுத்தித் தண்டிக்கிறார்னு எழுதினாங்க, அனுமதி இல்லாத பொருள்னு சொல்லி அலமாரிக்கு சீல் வெச்சாங்க, போயிட்டாங்க. எடுத்ததுக்கெல்லாம் சுற்றறிக்கை விடுவாரே எங்க தலைமை ஆசிரியர், பிள்ளைங்க அவருக்கு வெச்ச பேரே சுற்றறிக்கைதான், அவர் பக்கத்துல நின்னு மென்னு முழுங்கினார். ஆறு வருஷமா அந்த ஷூவைப் பார்த்துச் சிரிச்ச மனுஷன், அன்னைக்குத்தான் முதல் தடவையாப் பார்க்கிற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டார்டீ, எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்புறம் வந்தது நீ கையெழுத்துப் போடச் சொன்ன தாள். தண்டனையாகச் செய்தது உண்மை, இனி செய்ய மாட்டேன்னு அவங்களே டைப் அடிச்சுக் கொண்டுவந்துட்டாங்க. போட்டா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க, போடலேன்னா பத்தாம் வகுப்பை என்கிட்டேயிருந்து எடுத்துடுவாங்க, பரீட்சைக்கு ஏழு வாரம்தான் இருக்கு. உன் ஆபீஸ்ல நீயும் இப்படித்தான் தாளை நீட்டி எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்குறே, அதனாலதான் உனக்கு இது பெரிசாத் தெரியலை. செய்யாததை எப்படிச் செஞ்சேன்னு எழுதிக் கொடுக்கிறது? உங்கப்பா வேற, எல்லாம் உன் இஷ்டம்னு சொல்லிட்டு பேப்பருக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டார், முப்பது வருஷமா அந்த மனுஷனுக்கு அது ஒண்ணுதான் வருது.

இதுவரைக்கும் உனக்குத் தெரிஞ்ச கதை. இனிமே எழுதுறதை நான் உங்கப்பாகிட்ட கூட முழுசாச் சொல்லலை. விசாரணைக்காகப் பிள்ளைங்களை உட்கார வெச்சு, ஆளுக்கொரு பேனாவும் தாளும் ஆபீஸ்லேர்ந்து கொடுத்து, வகுப்புல என்ன நடக்குதுன்னு பேர் போடாம எழுதச் சொல்லியிருக்காங்க. அந்தத் தாளையெல்லாம் தலைமை ஆசிரியர் என்கிட்ட காட்டினார். எல்லாம் என் பக்கம்தான், டீச்சர் தண்டிக்கலை, இது விளையாட்டு மாதிரின்னு எழுதியிருந்தாங்க, எனக்குக் கண்ணுல தண்ணி. ஒரு தாள் மட்டும் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. தேதியில ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போட்டிருந்தது, அதுலயே ஆள் யார்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு, மூணாவது வரிசையில ஜன்னலோரம் உட்கார்ற பொண்ணு. ஷூவைக் கழட்டினா உள்ளே சாக்ஸ்ல விரல் எல்லாம் வெளியே தெரியும், அதனால நான் டீச்சர்கிட்ட பேனா கேட்டதே இல்லை, பேனா இல்லாத அன்னைக்கு எழுதுற மாதிரி உட்கார்ந்திருப்பேன்னு எழுதியிருக்கா. மார்க் கார்டுல பாடத்தில் அக்கறை இல்லைன்னு டீச்சர் ரெண்டு தடவை எழுதிட்டாங்க, டீச்சரே இப்படி எழுதிட்டாங்களே, இவளுக்குப் பத்தாவது போதும்னு வீட்டுல பேசுறாங்கன்னு எழுதியிருக்கா. டீச்சர் நல்லவங்கன்னும் எழுதியிருக்கா பாவி.

நாப்கினைக் கேட்காமலே எடுத்துக்கோன்னு சொல்லத் தெரிஞ்ச எனக்கு பேனாவுல மட்டும் என்ன சாமர்த்தியம் வேண்டிக்கிடந்தது? ரெண்டு வாரமா அந்த அதிகாரியைத் திட்டினேன், தலைமை ஆசிரியரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், இப்ப என்னை யார் திட்டுறது, சொல்லு. அவங்க டைப் அடிச்சுக் கொண்டுவந்த தாள்ல நான் கையெழுத்துப் போடலை. வேற தாள் எடுத்து, நான் யாரையும் தண்டிக்கலை, ஆனா என் ஏற்பாட்டுனால ஒரு பிள்ளை ஒரு வருஷமா பேனா கேட்க முடியாம இருந்திருக்கு, அது என் தப்புன்னு என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க டீச்சர்னு அவர் சொன்னார், போட்டுக்கிறேன்னு சொன்னேன். வகுப்பு போயிடுச்சு. இப்ப பி.டி. மாஸ்டர் கணக்குப் பாடம் நடத்துறார், அதாவது சத்தம் போடாம உட்காருங்கன்னு சொல்லிட்டு விசிலைத் துடைச்சுக்கிட்டு இருக்கார். ஒண்ணு மட்டும் கேட்டு வாங்கினேன், அந்தப் பொண்ணு கார்டுல ரெண்டு வரியையும் அடிச்சுட்டு, தவறான குறிப்பு, ஆசிரியரின் பிழைன்னு எழுதினேன். சுற்றறிக்கையும் எதுவும் கேட்காம பக்கத்துல கையெழுத்துப் போட்டார், அந்த அளவுக்கு மனுஷன்தான்.

சனிக்கிழமை காலையில அந்தக் கார்டை எடுத்துக்கிட்டு அவங்க வீட்டுக்கே போனேன். ஒரே அறை, அவ அப்பா வேலைக்குக் கிளம்பிக்கிட்டிருந்தார், அவ கதவுக்குப் பின்னாடி நின்னா. சாக்ஸைப் பத்தி நான் மூச்சு விடலை. கார்டை ரெண்டு தடவை படிச்சுட்டு அவர் மரியாதையாத்தான் கேட்டார், அப்ப எழுதினதும் நீங்கதான், இப்ப எழுதியிருக்கிறதும் நீங்கதான், எதை டீச்சர் நாங்க நம்புறதுன்னு. பத்தாவதோட நிறுத்தாம அவளை மேல படிக்க வைங்கன்னு மட்டும் கேட்டேன்டீ. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு அவர் வேலைக்குப் போயிட்டார். அடுத்த சனிக்கிழமையும் போவேன், அவர் சரின்னு சொல்ற வரைக்கும் எல்லாச் சனிக்கிழமையும் போவேன், அவர் கதவைச் சாத்தினாலும் போவேன்.

நீ நல்லா இரு, உடம்பைப் பார்த்துக்கோ, நினைச்சது நடக்கட்டும். பல்வலின்னு சொன்னியே, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டு. சனிக்கிழமை காலையில மட்டும் போன் பண்ணாதே, நான் வீட்டுல இருக்க மாட்டேன்.

கோபம் இன்னும் தீராத,
உன் அம்மா