நீதிபதிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

கும்மிடிப்பூண்டி
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து

அன்பு மகள் ஷைனிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் விட்டபாடில்லை. சங்கரன்கோவிலில் நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று நான் கேட்டு எட்டு மாதம் ஆகிறது, கேட்காமல் இருந்தது என் வீம்புதான், அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். போனை எடுத்தால் பழைய கோபம் வந்து கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம். காலனியை இடித்து கம்பெனி லாரிகளுக்கு ரோடு போடப் போகிறோம் என்று நம் கதவில் நோட்டீஸ் ஒட்டின அன்றைக்கு, நீயும்தான் ஒரு ஜட்ஜ் ஆயிற்றே, மேலே உனக்குத் தெரிந்த ஜட்ஜ் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்டேன். மாட்டேன் என்றாய். அதோடு விட்டாலும் பரவாயில்லை, இனி இந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதே அம்மா என்றும் சொன்னாய். விடியற்காலையில் எழுந்து கம்பெனி கேன்டீனில் நானூறு பேருக்கு நாஷ்டா செய்து உன்னை வக்கீலுக்குப் படிக்க வைத்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா என்று போனை வைத்தவள்தான். ஐகோர்ட்டிலும் நமக்கு ஆகவில்லை என்றதும் உன் மேல் இருந்த ஆத்திரம் இரண்டு மடங்கானது. இப்போது டெல்லிக்குப் போய் சுப்ரீம் கோர்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் கண்ணு, அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்.

காலனியில் இருந்து இரண்டு பேர் போகலாம் என்று முடிவானதும் நானும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நம் பக்கத்து வீட்டு லோகுவும் கிளம்பினோம். கூட்டிப் போனது நம் வக்கீல் ரம்யா, மணவாள நகர் பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள் இருப்பாள். அங்கே வாதாட டெல்லியிலேயே ஒரு பெரிய வக்கீலை அவள் ஏற்பாடு செய்திருந்தாள். நான் சும்மா போவேனா. நம் ஊரில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனாலும், பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்டாலும், கையில் ஒரு சிபாரிசுக் கடிதம் இல்லாமல் நாம் என்றைக்கு எங்கே போயிருக்கிறோம்? அதனால் கட்சி வட்டச் செயலாளரிடம் போய் நின்று, கனம் நீதிபதி அவர்களுக்கு, இதைக் கொண்டுவரும் செண்பகம் நமக்கு மிகவும் வேண்டியவர், ஆவன செய்யவும் என்று லெட்டர்பேடில் எழுதி, பச்சை மையில் கையெழுத்தும் சீலும் வாங்கி, பைபிள் உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ரம்யாவிடம்கூட மூச்சு விடவில்லை, வேலை முடிந்ததும் சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன்.

கோர்ட் வாசலில் போட்டோ பிடித்து பாஸ் கொடுத்து, பையைக் கொட்டிப் பார்த்தார்களா, கடிதம் வெளியே விழுந்தது. ரம்யா எடுத்துப் படித்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் அவள் முகம் வெளுத்துப்போனது. அக்கா, இத்த எடுத்துக்கினு உள்ள போய் யார் கையிலயாச்சும் குடுத்திருந்தீங்கன்னா கேஸு அவ்ளோதான், நம்ம ஊடும் அவ்ளோதான் என்றாள். எனக்கும் சுர்ரென்று ஏறிவிட்டது, இன்னாடி பெரிய இது, கவர்மெண்டுக்காரன் மட்டும் சொல்லி வெச்சிருக்க மாட்டானா என்று கேட்டேன். அதற்கு அவள், அவங்களும் சொல்லக் கூடாதுக்கா, நாமளும் சொல்லக் கூடாது, மந்திரி இன்னா பிரதம மந்திரியே சொன்னாலும் ஜட்ஜு கேக்க வேணாம், புடிக்கலன்னு அவரை வேலைய உட்டுத் தூக்கணும்னா பார்லிமெண்ட்ல ரெண்டு சபையும் ஓட்டு போடணும், சம்பளத்துலகூட கை வெக்க முடியாது, அப்டித்தான் சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்க என்றாள். சாம்பாரில் உப்பு கூடினால் சாயங்காலத்துக்குள் என்னை வேலையை விட்டு நிறுத்த கேன்டீன் சூப்பர்வைசர் ஒருவன் போதும். யாருக்கும் பயப்படாமல் பேச வேண்டும் என்பதற்காகவே ஒரு மனுஷனை இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இத்தனை வயதில் அன்றைக்குத்தான் தெரியும். கடிதத்தைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் நானே போட்டேன்.

உள்ளே போனால், அம்மாடி, எத்தனை உயரமான தூண்கள், என்ன நீளமான தாழ்வாரம், கறுப்பு அங்கி போட்டவர்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு ஓடுகிறார்கள், ஆனால் நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இரண்டு நீதிபதிகள், அதில் மூத்தவர்தான் பேசினார். எல்லாம் இங்கிலீஷ், ரம்யா என் காதில் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மத்தியானம்தான் நம் முறை வந்தது. அரசாங்க வக்கீல் எழுந்து, இவர்கள் புறம்போக்கில் இருப்பவர்கள், ரோடு பொது நன்மைக்கு, கோர்ட் இதில் தலையிடக் கூடாது என்றார். நீதிபதி குரலை உயர்த்தவே இல்லை. ரோடு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் வேலை, அதைச் சட்டப்படி செய்கிறீர்களா என்று பார்ப்பது என் வேலை, இடிக்கும் முன்னால் இவர்களைக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டீர்களா, எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்றார். வக்கீல் காகிதத்தைப் புரட்டுகிறார், புரட்டுகிறார், தேதி எங்கே இருக்கிறது, கேட்டிருந்தால்தானே. அவருக்குப் பின்னால் கைகட்டி நின்றவர் யார் என்று பார்த்தால், ஜேசிபியோடு நம் தெருவுக்கு வந்து என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நகரு நகரு என்றாரே, அதே அதிகாரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு முழு அரசாங்கத்தை நிற்க வைத்து, கேன்டீன்காரி செண்பகத்தைக் கேட்டாயா என்று ஒருவர் கேட்கிறார், அவர் என்னைப் பார்த்ததுகூட இல்லை.

சரி, நம் ஆள்தான் என்று நினைத்துச் சந்தோஷத்தில் லோகுவின் கையை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து நீதிபதி நம் டெல்லி வக்கீல் பக்கம் திரும்பினார். இவர் நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறார்கள், ஏழை ஜனங்கள் என்று உருக்கமாக ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, உங்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தை ஏழை என்பதற்காக நான் எழுதிக் கொடுக்க முடியாது, என்ன உரிமை என்று சொல்லுங்கள் என்றார். அதே குரல், அதே பார்வை. லோகுவின் கையை விட்டுவிட்டேன். கடைசியில் நோட்டீஸ் செல்லாது, ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு விசாரித்து, காரணத்தோடு எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும், அதுவரை ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார். மொத்தமே ஒன்பது நிமிஷம் என்று லோகு சொன்னான். நாம் ஜெயிக்கவில்லை, வீடு நமக்குத்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன் ஷைனி. அவர் நம் ஆள் இல்லை, அவர்கள் ஆளும் இல்லை, அப்படி ஒருவர் இருந்ததால்தான் நம் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. நீ வட்டச் செயலாளர் மாதிரி ஒரு வார்த்தை சொல்லி, அதை ஒரு நீதிபதி கேட்டிருந்தால், நாளைக்கு இன்னொருவன் சொல்கிற வார்த்தையையும் அவர் கேட்பாரே. உன் நாற்காலி சின்னதுதான், ஆனாலும் அதே நாற்காலிதானே. அதில் இருந்து எழுந்து வந்து எனக்குச் சிபாரிசு செய் என்று கேட்டவள் உன் அம்மா. தப்பு என்னுடையது கண்ணு, மன்னித்துக்கொள்.

விசாரணை டிசம்பர் இருபத்திரண்டில் தொடங்குகிறது, ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். ஒம் பொண்ணு ஜட்ஜுன்னு எழுதுக்கா, ஆபீசரு எழுந்து நிப்பாரு என்று எதிர் வீட்டு கெங்கம்மாள் நச்சரித்தாள். நான் தொழில் கேன்டீன் சமையல் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். முடிவு எழுத்தில் வரும்வரை நீ இங்கே வர வேண்டாம், இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர வேண்டாம். நீ வந்து தெருவில் இறங்கினாலே ஜட்ஜம்மா வந்திருக்கிறார் என்று அந்த ஆபீசர் காதுக்குப் போய்விடும். அப்பாவிடம் சொன்னதற்கு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், அப்புறம் வந்து நீ சொல்றது சரிதான் செண்பகம் என்றார்.

கர்த்தர் உன்னைக் கண்ணின் மணியாய்க் காப்பார், உன் வாயில் நியாயமான வார்த்தையை வைப்பார். முறுக்கும் அதிரசமும் பார்சலில் வரும், வந்ததும் பிரித்துக் காற்றாட வை, இல்லாவிட்டால் காறிப்போகும். முடிவு எப்படி வந்தாலும் அன்றைக்கே ரயில் ஏறிவிடு. வீடு இருந்தால் வாசலில் நிற்பேன், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் நிற்பேன்.

உன் அம்மா
ஆ. செண்பகம்