மித்ராவின் முழங்கை

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்த மித்ராவின் முழங்கை போன வாரத்தைவிட இன்று மோசமாக இருந்தது. நான் தொட்டதுமே கையை இழுத்துக்கொண்டாள். ஈட்டி எறிகிற பதினாறு வயதுப் பெண். இப்போதைக்கு எறிய வேண்டாம், ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி மட்டும் போதும் என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"ஈட்டியத் தொடவே இல்ல மிஸ். நீங்க குடுத்த எக்சர்சைஸ் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சொன்னீங்க, நாங்க மூணு வேளை செஞ்சோம் லா" என்றார் அவள் அப்பா, பெருமையாக.

மூன்று வேளையாம்! டியூஷன் என்று நினைத்துவிட்டார். கோபத்தை அடக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் நிறுத்துங்கள், கைக்கு ஓய்வுதான் வேண்டும் என்றேன். அவர் அதைப் போனில் குறித்துக்கொண்டார்.

"அப்போ ரெஸ்ட்ட சீக்கிரம் முடிக்க ஏதாவது எக்சர்சைஸ் இருக்கா மிஸ்?"

மித்ரா என்னையே பார்த்தாள். இல்லை என்றேன்.

அவள் கை வலிக்கக்கூடாதென்று பள்ளிப் பையை அவரே தோளில் மாட்டிக்கொண்டு போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நின்று, அந்தப் பையோடேயே, எப்படி எறிய வேண்டும் என்று கையை வீசி வீசிக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் தன் முழங்கையை மறுகையால் தாங்கியபடி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.