லாசருவின் கல்லறையில் அழுதவர்

ஓசூர்
12.6.2004

கர்த்தருக்குள் பிரியமான பொற்கொடிக்கு,

ஸ்தோத்திரம். நான் அவர் கிருபையால் சுகம். உன் அண்ணன் வீட்டுக்கு எத்தனை முறை போன் செய்தாலும் நீ பேச வருவதில்லை; அதனால் எழுதுகிறேன்.

நம் பிள்ளை ரஞ்சிதாவை மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது எனக்கும் வலிதான். ஆனால் பாஸ்டரின் மனைவியே அடக்கத்தன்று மண்ணில் புரண்டால், உன் ஊர்வரை வந்த சபையார் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் எல்லோர் முன்னாலும், "நிறுத்து, அவிசுவாசி மாதிரி அழாதே" என்றேன். அதற்காகத் தாய்வீட்டிலேயே இருந்துவிடுவதா? சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து ஜெபத்துக்கு வருகிறவர்கள்கூட உன்னைத்தான் கேட்கிறார்கள். நம் இயேசு மரணத்தை ஜெயித்த தேவன். அவர் பிள்ளைகளுக்குக் கண்ணீர் எதற்கு? புறப்பட்டு வா.

மாதேஷ்

ஊத்தங்கரை
20.6.2004

அன்புள்ள உங்களுக்கு,

நலமா? இருமல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுங்கள். இங்கே இன்னும் மழை இல்லை. அண்ணன் கடலை விதைக்காமல் காத்திருக்கிறார்.

இயேசு தேவன்தான். நானும் நம்புகிறேன். ஆனால் சிநேகிதன் லாசரு செத்தபோது அவர் அழுதாரே. கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதாரே. அவரை யார் அவிசுவாசி என்றார்கள்? அவருக்குப் பசித்தது, களைத்துப்போய்ப் படகில் தூங்கினார், சாகும்போது தண்ணீருக்குத் தவித்தார். எல்லாம் நீங்கள் பிரசங்கத்தில் சொன்னதுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாருங்கள். அண்ணன் கொல்லையில், பிள்ளையைப் புதைத்த இடத்தில், என்னோடு உட்கார்ந்து அழுங்கள். மறுபேச்சில்லாமல் உங்களோடு வந்துவிடுகிறேன்.

உங்கள்
பொற்கொடி

ஓசூர்
29.6.2004

பொற்கொடிக்கு,

இயேசு அழுதது சுற்றி நின்றவர்களுக்காகக் காட்டியது. தேவனுக்கு உள்ளே வேதனை ஏது? வேதத்தை நீ எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூப்பர்களோடு வருகிறேன். துணிமணிகளை எடுத்து வை.

மாதேஷ்

ஊத்தங்கரை
7.7.2004

உங்களுக்கு,

வந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். மூப்பர் எல்லப்பன் என் தலையில் கை வைத்து, "துக்கத்தின் ஆவியே, இவளை விட்டுப் போ" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நீங்கள் ஆமென் சொன்னீர்கள்.

அண்ணன் எவ்வளவு தாழ்ந்து கேட்டார்! "மாப்ள, கொல்லைப்பக்கம் ஒரு எட்டு வந்து பாப்பாவப் பாத்துட்டுப் போங்க."

"பஸ்ஸுக்கு டைம் ஆவுது மச்சான்" என்றீர்கள்.

லாசரு செத்த அன்றைக்கு இயேசு, "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டார். எல்லாம் அறிந்தவருக்கு அந்த இடம் தெரியாதா? தெரிந்தும் கேட்டார். நடந்து போனார். அழுதார். உங்களுக்கும் இடம் தெரியும். நீங்கள் பஸ் ஏறினீர்கள்.

காட்டுவதற்காக அழுதவர் உங்கள் தேவன். அவரை எனக்குத் தெரியாது. வயிறு எரிந்து அழுதவரைத்தான் எனக்குத் தெரியும். அவரோடுதான் தினமும் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சபையில் கேட்டால், பொற்கொடி விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போய்விட்டாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். இனி எழுத வேண்டாம்.

ரஞ்சிதாவின் அம்மா