விண்ணிலிருந்து வந்தவனுக்கு அக்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் நிறைமாதமாக இருக்கும் உங்கள் மருமகளும் நலமா? விண்கலம் பத்திரமாக இறங்கியது. ஆறு மாதம் மிதந்த கால்கள் இப்போது தத்தித் தத்தி நடக்கின்றன.

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். இடுப்பைச் சுற்றி அக்கி போட்டிருக்கிறது. டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுல வந்த அம்மை உடம்புக்குள்ளேயே தூங்கிட்டு இருந்திருக்கு. மேல போனதும் உங்க எதிர்ப்புச் சக்தி அசந்துபோச்சு, அது முழிச்சுக்கிச்சு."

"பிரசவத்துக்குப் போகலாமா?" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க மனைவிக்கு அம்மை வந்திருக்கா?"

எனக்குத் தெரியவில்லை, அம்மா. நான்கு வருடம் குடும்பம் நடத்தியும் அதைக் கேட்டதில்லை. வந்ததில்லை என்றால், கொப்புளம் காயும்வரை நான் அவளை நெருங்கக்கூடாதாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாம்.

சம்பந்தியம்மாவிடம் மெதுவாகக் கேட்டுச் சொல்லுங்கள். போனில் பேசினால் அவள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். என் பழைய பருத்திச் சட்டை இரண்டு அனுப்புங்கள். இங்கே தரும் உடுப்பு பட்டாலே எரிகிறது. எல்லாரும் கையுறை போட்டுத்தான் என்னைத் தொடுகிறார்கள்.

ரத்தம் எடுக்க நர்ஸ் வந்துவிட்டார். பிரசவ வலி எடுத்தால் எனக்குப் போன் போட்டு, அறை வாசலிலேயே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். பிள்ளையின் முதல் அழுகையையாவது கேட்கிறேன்.

உங்கள் மகன்